டேலண்டா, ஸ்கில்லா, எபிலிட்டியா? திறமையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் சின்ன வயதிலிருந்தே அருமையாகப் பாடுகிறார். இன்னொருவர் பத்து வருஷம் உழைத்து ஒரு தொழிலில் கரைகண்டிருக்கிறார். மூன்றாமவருக்கு ஒருமுறை கேட்ட பெயர் மறப்பதே இல்லை. தமிழில் இந்த மூன்று பேரையும் திறமைசாலி என்று சொல்லிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் முதலாமவருக்கு டேலண்ட், இரண்டாமவருக்கு ஸ்கில், மூன்றாமவருக்கு நேக் என்று பிரித்துத்தான் சொல்வார்கள். மாற்றிப் போட்டால் இலக்கணம் இடிக்காது, ஆனால் நாம் சொல்ல வந்தது ஒன்று, கேட்பவர் காதில் விழுவது வேறொன்றாகிவிடும். பத்து வருஷம் உழைத்தவரிடம் போய் 'யூ ஆர் ஸோ டேலண்டட்' என்றால், நல்ல மனதோடு சொன்னதுதான் என்றாலும், அந்தப் பத்து வருஷ உழைப்பு அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை.

ஒத்தசொல் பட்டியலைத் திறந்தால் இவை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும், எதை எடுப்பது என்று மட்டும் அது சொல்லாது. அதனால் இங்கே பட்டியலாகக் கொடுக்காமல், ஒரு வாக்கியம் எழுதும்போது எந்த வரிசையில் யோசித்தால் சரியான சொல் கைக்கு வரும் என்று படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாப் படியும் ஒரே அளவு முக்கியம் கிடையாது. முதல் படியும் ஐந்தாம் படியும்தான் உயிர்நாடி, நேரம் இல்லாதவர்கள் அந்த இரண்டையாவது படித்துவிடுங்கள்.

படி 1: இந்தத் திறமை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி நமக்குப் புதிது இல்லை. கருவிலேயே திருவுடையவர் என்று சிலரைச் சொல்கிறோம், சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம் என்றும் சொல்கிறோம். முதல் பக்கத்தில் நிற்கும் ஆங்கிலச் சொற்கள் டேலண்ட், கிஃப்ட். இரண்டாவது பக்கத்தில் நிற்பது ஸ்கில். எபிலிட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, எப்படி வந்தது என்பதைப் பற்றி அது வாயே திறக்காது, 'இவரால் முடியும்' என்பதை மட்டும் சொல்லும்.

இந்தச் சொற்கள் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் வித்தியாசம் மறக்கவே மறக்காது. டேலண்ட் என்பது முதலில் ஓர் எடை. கிரேக்கத்தில் தராசையும் எடையையும் குறித்த சொல், பிறகு அந்த எடை வெள்ளியின் மதிப்பைக் குறித்து, ஒரு பெரிய பணத்தொகைக்குப் பெயரானது. ஒரு டேலண்ட் என்றால் 6000 தினாரியம், ஒரு தினாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம், அப்படியானால் ஒரு டேலண்ட் எவ்வளவு பெரிய தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைபிளில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஒரு எஜமானர் வெளியூர் போகும்போது மூன்று வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று டேலண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார், இரண்டு பேர் அதைப் பெருக்குகிறார்கள், ஒருவன் மண்ணில் புதைத்து வைக்கிறான். இந்த உவமையை வைத்துத்தான் 'இறைவன் ஒப்படைத்த திறமை' என்ற பொருள் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் வந்தது. இன்றைக்கும் டேலண்டோடு சேரும் வினைச்சொற்களைப் பாருங்கள்: ஹேவ், டிஸ்கவர், ஷோ, நர்ச்சர், வேஸ்ட். எல்லாமே ஏற்கெனவே கையில் இருக்கிற ஒன்றைக் கண்டுபிடிப்பது, காட்டுவது, வளர்ப்பது, வீணாக்குவது. அந்தப் பணத்துக்குப் பொருந்துகிற வினைகள்தான் இந்தத் திறமைக்கும் பொருந்துகின்றன.

ஸ்கில் ஸ்காண்டிநேவியர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குப் பொருள் பிரித்தறிதல், பகுத்துணர்தல். ஆங்கிலத்திலும் முதலில் அறிவு, விவேகம் என்ற பொருளில்தான் இருந்தது, பிறகுதான் செய்து பழகிய கைத்தேர்ச்சிக்கு நகர்ந்தது. ஸ்கில்லோடு வரும் வினைகள்: லேர்ன், அக்வயர், டெவலப், ப்ராக்டீஸ், டீச், ஹோன், பிரஷ் அப். ஹோன் என்பது கத்தியைச் சாணை பிடிப்பது, அதாவது இருப்பதைத் தீட்டுவது. பிரஷ் அப் என்றால் விட்டுப்போனதைத் தூசிதட்டி மீண்டும் பழகுவது.

ஆகவே சந்தேகம் வந்தால் 'லேர்ன்' போட்டுப் பாருங்கள். 'ஐ லேர்ன்ட் எ நியூ ஸ்கில்' சரியாக ஒலிக்கும். 'ஐ லேர்ன்ட் எ நியூ டேலண்ட்' என்று ஆங்கிலம் தாய்மொழியானவர் எழுதமாட்டார். அதேபோல 'ஹிடன் டேலண்ட்' சகஜமான தொடர், 'ரா டேலண்ட்' என்றால் இன்னும் பட்டை தீட்டாத திறமை.

கிஃப்ட் டேலண்டைவிட ஒரு படி உணர்ச்சி கூடிய சொல். கொடுக்கப்பட்டது என்ற பொருள் மேலேயே தெரிகிறது, அதனால் இசை, மொழி, கணிதம், பிறர் மனதைப் புரிந்துகொள்வது போன்ற பெரிய விஷயங்களுக்கு 'எ கிஃப்ட் ஃபார்' என்பார்கள். டேலண்டும் கிஃப்டும் ஒன்றா என்று கல்வித்துறையில் பெரிய விவாதமே உண்டு. கனடாவின் உளவியலாளர் ஃபிரான்சுவா கான்யே 1985இல் முன்வைத்த மாதிரியில், பயிற்சி இல்லாமலேயே இருக்கும் இயல்பான ஆற்றல் கிஃப்ட், அது பயிற்சியால் வளர்ந்து வெளிப்படும்போது டேலண்ட். பேச்சு வழக்கில் இந்தப் பிரிவை யாரும் கறாராகப் பார்ப்பதில்லை, ஆனால் மீத்திறன் மிக்க குழந்தைகளின் கல்வி பற்றி ஏதாவது படிக்கும்போது இந்த இரண்டும் தனித்தனியாக வந்தால் குழம்ப வேண்டாம்.

எபிலிட்டி லத்தீனில் 'எளிதாகக் கையாளக்கூடிய' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வருகிறது. நடுநிலையான சொல் என்பதால் இதன் முன்னால் எந்தப் பக்கத்து அடைமொழியையும் சேர்க்கலாம். பிறவியிலேயே வந்தது என்றால் நேச்சுரல், இன்னேட், இன்பார்ன். பழகி வந்தது என்றால் அக்வயர்டு, லேர்ன்டு. எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியவில்லையா, அல்லது சொல்ல விருப்பமில்லையா, எபிலிட்டியைப் போடுங்கள், தப்பே வராது.

படி 2: எவ்வளவு பெரிய திறமை, எவ்வளவு அகலம்?

சின்னதிலிருந்து பெரிதுக்குப் போவோம்.

நேக் என்பது சின்ன, குறிப்பான, பெரும்பாலும் சொல்லிக்கொடுக்க முடியாத ஒரு சூட்சுமம். பெயர் ஞாபகம் வைப்பது, திறக்காத மூடியைத் திறப்பது, சரியான நேரத்தில் சரியான கேள்வி கேட்பது, அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவது, இவையெல்லாம் நேக். 'ஷி ஹேஸ் எ நேக் ஃபார் ரிமெம்பரிங் நேம்ஸ்.' ஒரு வேலையில் பிடிபட வேண்டிய ஒரு சூட்சுமம் இருக்கிறது என்று சொல்ல 'தேர் இஸ் எ நேக் டு இட்' என்பார்கள். கிண்டலாகவும் வரும்: தப்பான நேரத்தில் வந்து நிற்பவருக்கும் அதில் ஒரு 'நேக்' இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஒரு அறுவை சிகிச்சை நிபுணரைப் பற்றி 'ஹி ஹேஸ் எ நேக் ஃபார் சர்ஜரி' என்று எழுதிவிடாதீர்கள், ஏதோ கைவாகு இருக்கிறது என்று அவருடைய படிப்பையும் பயிற்சியையும் குறுக்கியதாகிவிடும்.

ஃப்ளேர் கொஞ்சம் பெரியது, அதில் ஸ்டைல் கலந்திருக்கிறது. பழைய பிரெஞ்சில் மோப்பம் பிடிப்பது என்று பொருள், அதிலிருந்து 'இயல்பாகவே உணர்ந்துகொள்வது' வந்தது. வடிவமைப்பு, நாடகம், உடை, எழுத்து, மொழி போன்றவற்றுக்குப் பொருந்தும். 'எ ஃப்ளேர் ஃபார் லாங்குவேஜஸ்' மிகப் பழகிய தொடர். தீப்பிழம்பைக் குறிக்கும் இன்னொரு ஃப்ளேர் இருக்கிறது, உச்சரிப்பு ஒன்றேதான், எழுத்து வேறு, தட்டச்சு செய்யும்போது கவனம்.

பென்ட் என்பது சாய்வு. மனம் இயல்பாக எந்தப் பக்கம் வளைகிறது என்பதைச் சொல்லும், அதனால் திறமையைவிட நாட்டம்தான் இதில் அதிகம்.

மறு கோடியில் ஜீனியஸ். ரோமானியர்களுக்கு இது ஒரு மனிதன் பிறந்தது முதல் கூடவே இருக்கும் காவல் தெய்வம். இன்றைக்கு ஆளையும் குறிக்கும், ஆற்றலையும் குறிக்கும். அடிக்கடி பயன்படுத்தி இதன் எடையைக் குறைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். எழுத்தில் இதைச் சிக்கனமாகத்தான் செலவழிக்க வேண்டும்.

ப்ராடிஜி லத்தீனில் தீநிமித்தம், வியப்பான சகுனம் என்ற பொருளில் இருந்தது. இப்போது சிறுவயதிலேயே பெரியவர்களை மிஞ்சும் பிள்ளை. 1756இல் பிறந்த மோட்ஸார்ட் ஐந்து வயதிலேயே சிறிய இசைத்துண்டுகளை இயற்றினார், சைல்ட் ப்ராடிஜி என்றதும் எல்லோரும் அவரைத்தான் சொல்வார்கள். வயது இங்கே கட்டாயம், நாற்பது வயதுக்காரரை இப்படிச் சொல்ல முடியாது. இதோடு ப்ரோட்டெஷே என்ற சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது பிரெஞ்சில் பாதுகாக்கப்பட்டவர் என்று பொருள்படும் சொல், அதாவது ஒரு மூத்தவரின் நிழலில் வளரும் சீடர். அவருக்குத் திறமை இருக்கலாம், ஆனால் சொல் குறிப்பது உறவைத்தான்.

படி 3: இன்றைக்கே இருக்கிறதா, இனிமேல் வரக்கூடியதா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோமே, அந்த முளைக்கு ஆங்கிலத்தில் தனிச்சொற்கள் உண்டு, அவற்றை விளைந்த பயிருக்குப் போட்டால் எதிராளி சங்கடப்படுவார்.

ஆப்டிட்யூட் என்றால் ஒன்றைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளக்கூடிய பொருத்தம். லத்தீனில் 'பொருந்திய' என்ற சொல்லிலிருந்து வருகிறது. ஆட்டிட்யூட் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியாகச் சுற்றி வந்ததுதான், அதனால்தான் இரண்டும் இவ்வளவு ஒத்திருக்கின்றன. ஆப்டிட்யூட் டெஸ்ட் என்பது நீங்கள் எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்று பார்ப்பதற்கு இல்லை, எவ்வளவு கற்க முடியும் என்று கணிப்பதற்கு. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வு 1926இல் தொடங்கியபோது அதன் பெயரில் இருந்த 'ஏ' எழுத்து இந்த ஆப்டிட்யூட்தான். 1990களில் அந்தச் சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள், பிறவியிலேயே வந்த மூளையை அளக்கிற தேர்வு என்ற தொனி அதில் இருந்தது ஒரு காரணம். ஒரு தேர்வின் பெயரையே மாற்றும் அளவுக்கு இந்தச் சொல்லில் எடை இருக்கிறது.

பொட்டென்ஷியல், ப்ராமிஸ் இரண்டும் வெளிப்படாத வாய்ப்பைச் சொல்பவை. 'ஷி ஷோஸ் கிரேட் ப்ராமிஸ்' என்பது இளைஞர்களுக்குச் சொல்லக்கூடிய பாராட்டு. இருபது வருஷ அனுபவம் உள்ளவரை 'ப்ராமிஸிங்' என்று எழுதினால் இன்னும் ஒன்றும் சாதிக்கவில்லை என்று சொன்னதாகிவிடும்.

கெபாசிட்டி கொள்ளளவு. தாங்குவது, உள்வாங்குவது, ஈடுகொடுப்பது பற்றிய சொல்: 'எ கெபாசிட்டி ஃபார் ஹார்ட் வொர்க்'. 'இன் ஹிஸ் கெபாசிட்டி அஸ் டைரக்டர்' என்று வந்தால் மட்டும் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இயக்குநர் என்ற பொறுப்பில் என்று அர்த்தம். கேப்பபிலிட்டி பெரும்பாலும் நிறுவனம், இயந்திரம், குழு இவற்றால் என்ன முடியும் என்பதற்கு.

படி 4: எந்த மட்டத்தில் நிற்கிறார்?

இங்கே பலரும் வழுக்குகிற இடம் காம்பிடென்ட். நம் காதுக்கு அது பெரிய பாராட்டாகக் கேட்கிறது. உண்மையில் வேலைக்குப் போதுமான அளவு தெரியும், சொதப்பமாட்டார் என்பதுதான் அதன் அளவு. ஒரு கலைஞரின் நிகழ்ச்சியை விமர்சகர் 'எ காம்பிடென்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று எழுதினால் அவர் மனம் நிறையவில்லை என்று பொருள். ஆனால் 'ஹைலி காம்பிடென்ட்' என்றால் நல்ல பாராட்டு, அந்த ஒரு அடைமொழி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

ப்ரொஃபிஷியன்ட் அதற்கு மேலே. முன்னேறிச் செல்வது என்ற லத்தீன் வேர், அதனால் பயிற்சியால் எட்டிய தேர்ச்சிக்கு, அதிலும் மொழிக்கும் கருவிகளுக்கும், இது கச்சிதமாகப் பொருந்தும். ஐரோப்பிய கவுன்சில் (கவுன்சில் ஆஃப் யூரோப்) 2001இல் வெளியிட்ட மொழித்தேர்ச்சிச் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உண்டு, மேலே உள்ள சி நிலைக்காரர்களைத்தான் ப்ரொஃபிஷியன்ட் யூஸர் என்கிறார்கள். கேம்பிரிட்ஜின் ப்ரொஃபிஷியன்சி தேர்வு 1913இல் முதன்முதலில் நடந்தபோது எழுதியவர்கள் மூன்றே பேர், மூவரும் தேறவில்லை! ஆகவே தற்குறிப்பில் (ரெஸ்யூமேயில்) ஒரு மொழிக்குப் பக்கத்தில் இந்தச் சொல்லை எழுதும்முன் ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பர்ட் என்பதும் எக்ஸ்பீரியன்ஸ் என்பதும் ஒரே வேர், முயன்று பார்த்தல். அனுபவம் இல்லாத எக்ஸ்பர்ட் என்று ஒருவர் இருக்கவே முடியாது என்பது சொல்லிலேயே இருக்கிறது. அடெப்ட் லத்தீனில் எட்டியவர் என்று பொருள், ஒரு காலத்தில் ரசவாதத்தின் ரகசியத்தை அடைந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு இந்தப் பெயர். இப்போது நுட்பமான ஒன்றைச் சுலபமாகச் செய்பவருக்கு. இதோடு எழுத்தில் ஒட்டிப்பிறந்த மாதிரி இருக்கும் அடாப்ட், அடாப்ட்டட் எல்லாம் வேறு பொருள்.

டெக்ஸ்டெரிட்டி கைவிரல்களின் லாவகம். லத்தீனில் வலதுகைக்கான சொல்லிலிருந்து பிறந்தது, இரண்டு கையாலும் எழுதுகிறவரைச் சொல்லும் ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் என்பதற்கு வேர்ப்பொருள் 'இரண்டு பக்கமும் வலதுகை'. ஃபோர்ட்டே என்றால் ஒருவரது பலம்: 'குக்கிங் இஸ் நாட் மை ஃபோர்ட்டே'. வாள்சண்டையில் வாளின் கைப்பிடிக்கு அருகிலுள்ள வலுவான பகுதியின் பெயர் அது.

படி 5: பின்னால் வரும் சின்னச் சொல்

சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு இங்கேதான் கோட்டை விடுகிறோம். காரணம் தமிழில் பாட்டில் திறமை, கணக்கில் திறமை, பேச்சில் திறமை என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்' போதும். அந்த 'இல்' அப்படியே 'இன்' ஆகி ஆங்கில வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது.

பிறவிப் பக்கத்துச் சொற்களுக்குப் பெரும்பாலும் 'ஃபார்' தான். டேலண்ட் ஃபார், கிஃப்ட் ஃபார், நேக் ஃபார், ஃப்ளேர் ஃபார், ஆப்டிட்யூட் ஃபார், பென்ட் ஃபார். ஒரு வரியில் மனப்பாடம் ஆகிவிடும். நேக் மட்டும் 'தி நேக் ஆஃப்' என்றும் வரும், ஒன்றைச் செய்யும் சூட்சுமத்தைச் சொல்லும்போது.

ஸ்கில்லுக்கு 'இன்' அல்லது 'அட்'. ப்ரொஃபிஷியன்ட், அடெப்ட், ஸ்கில்டு மூன்றுக்கும் அதே இரண்டு. எக்ஸ்பர்ட் கொஞ்சம் நுணுக்கம்: ஒரு துறையில் என்றால் 'இன்', ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச, கருத்துச் சொல்லத் தகுதியானவர் என்றால் 'ஆன்', ஒரு செயலைச் செய்வதில் கைதேர்ந்தவர் என்றால் 'அட்'. மாஸ்டரிக்கும் கமாண்டுக்கும் 'ஆஃப்': 'எ குட் கமாண்ட் ஆஃப் இங்கிலீஷ்'.

'குட் இன் மேத்ஸ்' நம்மிடையே எங்கும் கேட்கிறது, பொதுவழக்கு 'குட் அட் மேத்ஸ்'. மனிதர்களோடும் பொருள்களோடும் பழகுவதில் வல்லவர் என்றால் 'குட் வித்': குட் வித் சில்ட்ரன், குட் வித் நம்பர்ஸ், குட் வித் ஹர் ஹேண்ட்ஸ்.

எபிலிட்டிக்குப் பின்னால் 'டு' போட்டு வினைச்சொல்: 'தி எபிலிட்டி டு லிஸன்'. 'எபிலிட்டி ஆஃப் லிஸனிங்' என்று எழுதாதீர்கள். கேப்பபிள் இதற்கு நேர் எதிர்: 'கேப்பபிள் ஆஃப் டூயிங்' மட்டும்தான், 'கேப்பபிள் டு டூ' கிடையவே கிடையாது. ஏபிளுக்கு 'டு', கேப்பபிளுக்கு 'ஆஃப்', இந்த ஜோடியை மாற்றிப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எதிர்ச்சொற்களிலும் இதே கதை. அனேபிள் என்பதன் பெயர்ச்சொல் இனபிலிட்டி, முன்னொட்டு மாறிவிடுகிறது, 'அனபிலிட்டி' என்று இன்று ஒரு சொல் புழக்கத்தில் இல்லை. அனேபிள் என்றால் இப்போதைக்கு, இந்தச் சூழ்நிலையில் முடியவில்லை. இன்கேப்பபிள் என்றால் அவருடைய இயல்பிலேயே அது இல்லை. அதனால் 'ஹி இஸ் அனேபிள் டு கம்' சாதாரணத் தகவல், 'ஹி இஸ் இன்கேப்பபிள் ஆஃப் லையிங்' உயர்ந்த பாராட்டு, 'ஹி இஸ் இன்கேப்பபிள் ஆஃப் டூயிங் திஸ் ஜாப்' கடுமையான தீர்ப்பு. அலுவலக மின்னஞ்சலில் அனேபிள் போட வேண்டிய இடத்தில் இன்கேப்பபிள் விழுந்தால் ஒரு மனிதரின் பெயரே கெடும்.

இதே படியில் இன்னொன்று, 'முடிந்தது' என்பதை எப்படிச் சொல்வது. கடந்த காலத்தில் பொதுவாக இருந்த திறமைக்கு 'குட்': 'ஐ குட் ஸ்விம் அட் ஃபைவ்', அதாவது ஐந்து வயதிலேயே எனக்கு நீந்தத் தெரியும் (இது முடியும் என்பதன் கடந்த காலம், நல்லது என்ற குட் வேறு). ஆனால் ஒரே ஒரு தடவை, ஒரு குறிப்பிட்ட சமயத்தில் முயன்று சாதித்ததற்கு அதைப் போடமாட்டார்கள். 'எஸ்டர்டே ஐ குட் ஃபினிஷ் தி ரிப்போர்ட்' என்பது ஆங்கிலக் காதுக்கு இடறும், 'ஐ வாஸ் ஏபிள் டு ஃபினிஷ்' அல்லது 'ஐ மேனேஜ்ட் டு ஃபினிஷ்' என்று வர வேண்டும். எதிர்மறையில் இந்தக் கவலை இல்லை, 'குடின்ட் ஃபினிஷ்' எங்கேயும் செல்லும். கேட்டல், பார்த்தல் போன்ற புலன்வினைகளுக்கும் விலக்கு உண்டு: 'ஐ குட் ஹியர் ஹிம்' சரிதான்.

படி 6: ஒன்றா, பலவா?

எக்ஸ்பர்டீஸ் (நிபுணத்துவம்), ப்ரௌவஸ் (அபாரத் திறன்), நோ-ஹவ் (செய்முறை அறிவு), டெக்ஸ்டெரிட்டி நான்கையும் எண்ண முடியாது, 'எக்ஸ்பர்டீசஸ்' என்று எழுதாதீர்கள். நேக், ஃப்ளேர் முன்னால் ஒரு 'எ' வரும், பன்மை வராது. ஸ்கில், டேலண்ட், எபிலிட்டி மூன்றும் இரண்டு விதமாகவும் வரும்: 'இட் டேக்ஸ் ஸ்கில்' என்றால் பொதுவான திறன், 'த்ரீ ஸ்கில்ஸ்' என்றால் தனித்தனியாக எண்ணக்கூடியவை. டேலண்ட் எண்ணாமல் வரும்போது திறமையுள்ள ஆட்களையே குறிப்பதும் உண்டு, டேலண்ட் ஸ்கவுட், டேலண்ட் பூல் எல்லாம் அப்படித்தான். காம்பிடென்ஸ் தகுதிநிலையைச் சொல்வது, காம்பிடென்ஸி பணியாளர் துறையினர் எண்ணிப் பட்டியல் போடும் தனித்திறன்.

படி 7: ஆளைச் சொல்லும் அடைமொழிகள்

ஸ்கில்டு, ஸ்கில்ஃபுல் இரண்டும் ஒன்றில்லை. ஸ்கில்டு என்றால் பயிற்சி பெற்றவர், தொழில் தெரிந்தவர்: ஸ்கில்டு எலக்ட்ரீஷியன், ஸ்கில்டு லேபர். ஸ்கில்ஃபுல் என்பது செய்த விதத்தைப் பாராட்டுவது: ஒரு பந்துப் பரிமாற்றம், ஒரு பேச்சுவார்த்தை, ஒரு தூரிகை வீச்சு. பயிற்சி பெற்றவர் ஒருநாள் லாவகமில்லாமலும் செய்யலாம், அதனால் இரண்டும் தேவை. பிரிட்டிஷ் எழுத்தில் ஸ்கில்ஃபுல்லின் நடுவில் ஒரே ஒரு 'எல்', அமெரிக்க எழுத்தில் இரண்டு.

டேலண்டட் இன்றைக்கு எல்லோரும் சொல்லும் சொல். 1832இல் கவிஞர் கோல்ரிட்ஜுக்கு இதைக் கேட்டாலே பிடிக்கவில்லை. வினைச்சொல்லே இல்லாத ஒரு பெயர்ச்சொல்லோடு பெயரெச்ச ஒட்டைப் போடலாம் என்றால், ஷில்லிங், ஃபார்த்திங் என்ற நாணயங்களை வைத்து ஷில்லிங்டு, ஃபார்த்திங்டு என்றும் சொல்லலாமே என்று கேட்டார். மொழி அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஒருவரை 'எ நேச்சுரல்' என்று சொன்னால் முதல் நாளே பழகியவர் போலச் செய்கிறார் என்று அர்த்தம். 'எ பார்ன் டீச்சர்', 'எ பார்ன் லீடர்' என்பது நம்முடைய பிறவிக் கலைஞர் போலத்தான். இதற்கு எதிர்ப்பக்கத்தில் 'செகண்ட் நேச்சர்' என்றொரு அருமையான தொடர் இருக்கிறது: பழகிப் பழகி இரண்டாவது இயல்பாகவே ஆகிவிட்டது என்று. உழைத்துப் பெற்ற லாவகத்தைப் பாராட்ட இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

சில சொற்கள் காலப்போக்கில் கெட்டுப்போயின. கன்னிங், க்ராஃப்டி, ஆர்ட்ஃபுல் மூன்றும் ஒரு காலத்தில் அறிவையும் கைத்திறனையும் நல்லபடியாகச் சொன்னவை, இன்றைக்கு முதலிரண்டும் சூழ்ச்சிக்காரன் என்றே விழும், மூன்றாவதும் ஆளைச் சொல்லும்போது அந்தப் பக்கமே சாயும். க்ராஃப்ட் என்ற பெயர்ச்சொல் மட்டும் மரியாதையோடு தப்பித்துக்கொண்டது.

படி 8: கண், காது, மூக்கு

ஆங்கிலம் திறமையை உடல் உறுப்புகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. இவற்றைக் கலந்து எழுதினால் எழுத்துக்கு உடனே உயிர் வரும். இசைக்கும் வசனத்துக்கும் 'அன் இயர் ஃபார்', நுணுக்கத்துக்கும் நிறத்துக்கும் 'அன் ஐ ஃபார்', கணக்குக்கும் உயரத்தில் தலைசுற்றாமல் நிற்பதற்கும் 'எ ஹெட் ஃபார்', செய்தியை மோப்பம் பிடிப்பதற்கு 'எ நோஸ் ஃபார்'. சொற்களையோ பிள்ளைகளையோ வசப்படுத்தும் பாங்குக்கு 'எ வே வித்'. செடி வைத்தால் தழைக்கிற கைராசிக்கு பிரிட்டனில் க்ரீன் ஃபிங்கர்ஸ், அமெரிக்காவில் க்ரீன் தம்ப். ஓயாமல், சரளமாக, கேட்பவர் மயங்கப் பேசுபவருக்கு 'தி கிஃப்ட் ஆஃப் தி கேப்', அமெரிக்கர்கள் இரண்டாவது 'தி' இல்லாமல் சொல்வார்கள். அயர்லாந்தின் ப்ளார்னி கோட்டையில் உள்ள ஒரு கல்லை முத்தமிட்டால் இந்த வரம் கிடைக்கும் என்று நம்பிக்கை, இன்றைக்கும் மக்கள் போய்த் தலைகீழாகச் சாய்ந்து முத்தமிடுகிறார்கள்.

படி 9: எங்கே, யாரிடம் சொல்கிறீர்கள்?

தற்குறிப்பில் உங்களைப் பற்றி நீங்களே டேலண்டட், கிஃப்டட் என்று எழுத வேண்டாம். அது பிறர் சொல்ல வேண்டியது. அங்கே ஸ்கில்டு, ப்ரொஃபிஷியன்ட், எக்ஸ்பீரியன்ஸ்டு போன்ற, சான்று காட்டக்கூடிய சொற்கள் போதும். சாஃப்ட் ஸ்கில் என்ற பிரிவு 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவப் பயிற்சித்துறையில் உருவானது. இயந்திரங்களை இயக்குவது ஹார்ட், மனிதர்களோடும் காகிதங்களோடும் வேலை செய்வது சாஃப்ட் என்று பிரித்தார்கள். எளிதானது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் வெறுமனே 'குட் சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது, எது என்று சொல்லுங்கள்: பேச்சுவார்த்தையா, குழுவை வழிநடத்துவதா, சிக்கலை எளிதாக எழுதிக்காட்டுவதா.

பரிந்துரைக் கடிதம் எழுதும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் சேருங்கள். 'ஷி ஹேஸ் எ நேச்சுரல் ஆப்டிட்யூட் ஃபார் டிசைன், அண்ட் ஷி ஹேஸ் ஹோன்ட் இட் த்ரூ இயர்ஸ் ஆஃப் ப்ராக்டீஸ்.' பிறந்ததையும் சொன்னோம், உழைத்ததையும் சொன்னோம்.

பிள்ளைகளையும் மாணவர்களையும் பாராட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து கடினமான புதிர்களில் தோற்றதும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகளைவிடச் சீக்கிரம் ஆர்வம் இழந்தார்கள். 'யூ ஆர் ஸோ கிஃப்டட்' என்பதற்குப் பதிலாக 'யுவர் ஸ்கில் ரியலி ஷோஸ்' என்றோ 'யூ ஹேவ் வொர்க்ட் ஹார்ட் ஆன் திஸ்' என்றோ சொன்னால், அடுத்த முறையும் அந்தப் பிள்ளையின் கையில் செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும். இதை நான் உறுதியாக நம்புகிறேன், பெரியவர்களிடம் பேசும்போதும் பாராட்டும் இடத்தில் முதலில் ஸ்கில் பக்கத்துச் சொல்லைத்தான் தேடுகிறேன்.

கடைசியாக ஒரு பழக்கம். ஒரு பத்தி எழுதி முடித்ததும் அதிலுள்ள திறமைச் சொற்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் மொழி கற்போருக்காகத் தயாரித்த ஆங்கில அகராதி ஒன்றில் பாருங்கள். சாதாரண அகராதி பொருளோடு நின்றுவிடும். இந்த வகை அகராதியில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணக்கூடியதற்கு 'சி', எண்ண முடியாததற்கு 'யூ' என்ற குறி இருக்கும், பின்னால் எந்தச் சின்னச் சொல் வரும் என்பது தடித்த எழுத்தில் இருக்கும், கூடவே இரண்டு மூன்று உதாரண வாக்கியங்களும் இருக்கும். உங்கள் வாக்கியத்தை அந்த உதாரணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பொருந்தவில்லை என்றால் சொல்லை மாற்றாமல், முதல் படிக்குத் திரும்பி, இவருடைய திறமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.